வேலியில் செருகிய கடிதம்

அன்றைக்கு வந்திருந்தவர்கள்: நித்யா, பிரகாஷ், ஆயிஷா, இரண்டு கார்த்திக்குகள், இன்னும் நாலு பேர். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் சேர்த்து ஒன்பது. வராந்தாவில் களிமண் உருட்டிக்கொண்டிருந்த ஒன்று முதல் மூன்று வரையிலான வாண்டுகள் பதிமூன்று பேர். அப்புறம் நான்.

வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் தலைமையாசிரியை ஸ்டெல்லா டீச்சர். சிதம்பரத்தில் கூட்டம். எங்களுடையது இரண்டே ஆசிரியர்கள் இருக்கிற பள்ளி என்பதால் மொத்தப் பிள்ளைகளும் அன்று என் தலையில். இன்னொருத்தி ஐந்தாம் வகுப்பு தேவிகா. திங்கட்கிழமையிலிருந்தே ஆளைக் காணோம்.

வருகைப் பதிவேட்டை மூடி வைத்த பிறகு, பத்தரை மணி வாக்கில், தேவிகா வந்து வாசலில் நின்றாள். பை இல்லை. கையில் ஜாமெட்ரி பாக்ஸ் மட்டும்.

"உள்ள வா. ஏன் மூணு நாளா வரல?"

"சார், எங்கப்பா இருக்காரா இல்லியான்னு அம்மா கேட்டுகிட்டு வரச் சொன்னுச்சு" என்றாள்.



அவள் பாக்ஸைத் திறந்து என் மேசையில் கொட்டினாள். காம்பஸ் இல்லை, ஸ்கேல் இல்லை. எல்லாம் காகிதத் துண்டுகள். சிலதில் முள் குத்திய ஓட்டை. ஒரு துண்டின் மூலை கன்னங்கரேலென்று இருந்தது.

கறுப்பு மூலை

பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் உப்பனாற்றின் கரையோரம் இருக்கிற இந்த ஊருக்கு நான் வேலைக்கு வந்த கதையை இந்தத் தொடரில் போன வாரமே சொன்னேன். இங்கே ஒரு வழக்கம் உண்டு. மங்கலம்பேட்டைப் பக்கம் எங்கள் ஊரிலும் உண்டு. சாவுச் செய்தி எழுதிய கடிதத்தின் மூலையில் கறுப்பு மை தடவித்தான் அனுப்புவார்கள். அதை வீட்டுக்குள் எடுத்துப்போகக் கூடாது. வாசலிலேயே படித்துவிட்டுக் கிழித்து, கூரையிலோ வேலியிலோ செருகிவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு உள்ளே போக வேண்டும். இப்போதெல்லாம் சாவு வாட்ஸப்பில் வந்துவிடுகிறது. ஆனாலும் கறுப்பு மூலையைக் கண்டால் கை தானாகக் கிழிக்கும்.

தேவிகாவின் அப்பா மணிகண்டன் படகு கட்டுகிறவர். எட்டு மாதமாகக் கேரளாவில் ஒரு படகுப் பட்டறையில் வேலை. போகும்போது மைத்துனர் ஏகாம்பரத்தோடு பெரிய சண்டை. மனைவி செல்வியும் மகளும் அதே ஏகாம்பரத்தின் வீட்டில்தான் இருந்தார்கள். வேறு போக்கிடம் இல்லை.

ஆரம்பத்தில் வாரம் ஒருமுறை போன் வந்துகொண்டிருந்தது. ரீசார்ஜ் போடாமல் விட்டதில் செல்வியின் நம்பர் செத்துப்போயிற்று. பிறகு வாங்கிய நம்பரைச் சொல்லலாம் என்று செல்வி அடித்தால், அங்கே ஸ்விட்ச் ஆஃப். ஒரு மாதமாக ஸ்விட்ச் ஆஃப்.

அந்தத் திங்கட்கிழமை ஏகாம்பரத்தின் மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா. பந்தல், மைக் செட், வாசல் நிறைய ஆட்கள். அந்த நேரம் பார்த்து, வழக்கமான தபால்காரருக்குப் பதிலாக வந்த யாரோ ஒருவர் கவரை நீட்டிவிட்டுப் போய்விட்டார். கவரின் மூலையிலும் கறுப்பு. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்த தாளிலும் கறுப்பு.

"நல்ல காரியம் நடக்கிற வூட்டுல எவன் எழவையோ கொண்டாந்து குடுக்கறான் பாரு" என்று ஏகாம்பரம் படிக்காமலே அங்கேயே கிழித்து வேலியில் செருகிவிட்டார்.

யாருக்கு என்ன என்று செல்வி கேட்டிருக்கிறார். "உன் வூட்டுக்காரன் ஊரு பக்கம் ஏதாவது பெருசு போயிருக்கும். விசேசம் முடியட்டும், விசாரிச்சிக்கலாம்."

செல்விக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விசேஷ வீட்டில் அழவும் முடியாது. மூன்று நாளாகச் சோறு தொடவில்லை. நாலாம் நாள் காலையில், அண்ணன் வெளியே போன நேரத்தில், மகளை வேலிக்கு அனுப்பித் துண்டுகளைப் பொறுக்கச் சொல்லியிருக்கிறார்.

"ஒரு துண்டுல அப்பா பேரு இருக்கு சார்" என்றாள் தேவிகா. "அதான் பயமா இருக்கு."

நான்னா யாரு?

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால்தான் கடிதப் பாடம் தொடங்கியிருந்தேன். அத்தைக்கு எழுதுகிற மாதிரி ஓர் உறவுமுறைக் கடிதம். பிரகாஷ் நன்றாகப் படிப்பான். குரலும் கணீரென்று இருக்கும். 'அன்புள்ள அத்தைக்கு, நான் இங்கு மதுரையில் நலமாக இருக்கிறேன்' என்று ஒரு பிசிறு இல்லாமல் படித்து முடித்தான். எனக்கு ரொம்பத் திருப்தி.

"இந்த லெட்டர எழுதுனது யாரு?"

"நான் சார்."

"நீயா? நீ எப்படா மதுரைக்குப் போன?"

"போனதில்ல சார். ஆனா 'நான்'னு போட்டிருக்கே."

நித்யா கையைத் தூக்கினாள். "சார், அவன் இல்ல சார். நீங்கதான் எழுதுனீங்க. நீங்கதான படிக்கச் சொன்னீங்க."

சிரிப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தபோது சிரிப்பு வரவில்லை. பிள்ளைகள் எழுத்தைப் படித்தார்கள். கடிதத்தைப் படிக்கவில்லை. எங்கோ ஓர் ஆள் உட்கார்ந்து, இன்னோர் ஆளை நினைத்து எழுதியது என்பதே அவர்களுக்குப் படவில்லை. குற்றம் அவர்கள் மேல் இல்லை. அவர்கள் வீட்டுக்குக் கடிதமே வந்ததில்லை.

மறுநாளிலிருந்து ஒரு பழக்கம் ஏற்படுத்தினேன். எந்தக் கடிதமானாலும் படிப்பதற்கு முன் இடது கையை விரித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு விரலாக மடக்கிக் கேட்க வேண்டும். யாரு? யாருக்கு? எங்கேருந்து? என்னைக்கு? எதுக்கு? அஞ்சு விரலும் மடங்கினால்தான் கடிதம் கைக்குள் வந்தது என்று அர்த்தம்.

நாலாவது விரலில் நான் கொஞ்சம் ஜாஸ்தி கறாராக இருப்பேன். பிள்ளைகள் காரணம் கேட்டார்கள். சொன்னேன். இதுவரை வேறு யாரிடமும் சொல்லாத கதை அது.

என் அப்பா இன்னும் நம்புவது

என் அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடப் படி ஏறியவன் நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை காலை, மேல்பட்டாம்பாக்கத்து மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா மண்டிக்குப் போகாமல் நின்று, "படிடா" என்றார். பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டார். நான் நாலாம் வகுப்பு. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படித்தேன். 'வருகிற வெள்ளிக்கிழமை பிள்ளைக்குக் காது குத்து. தாங்கள் குடும்பத்துடன் வந்துவிடவும்.'

மேலே தேதி எழுதியிருந்தது. அதை நான் படிக்கவில்லை. நெற்றியில் பொட்டு வைப்பது மாதிரி அது கடிதத்துக்கு ஓர் அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை புதுத் துணி, தேங்காய் பழத் தட்டு, வெள்ளிக் கொலுசு சகிதம் போய் இறங்கினோம். மாமா லுங்கியோடு வெளியே வந்தார்.

"வாங்க மச்சான். சோறுதான் ஆறிப்போச்சு. ஆக்கி எட்டு நாளாச்சு."

கடிதம் எங்கள் கைக்கு வந்த அந்த வெள்ளிக்கிழமையேதான் காது குத்து. பஸ் ஏறியிருந்தால் மத்தியானச் சோற்றுக்குப் போய்ச் சேர்ந்திருப்போம். தாய்மாமன் முறை செய்ய அப்பா போகவில்லை என்று இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை.

அப்பா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எழுதுனவன் தப்பா எழுதிட்டான். படிச்சவன் தப்பா படிப்பானா?" என்றுதான் எல்லோரிடமும் சொன்னார். இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார். இந்த வாரம் இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டுவார்கள். அப்பா, தப்பு என்னுடையதுதான்.

சோற்றுப் பருக்கை

மேசையில் கிடந்த துண்டுகளுக்கு வருகிறேன்.

நானே உட்கார்ந்து சேர்த்திருக்கலாம். ஆனால் பெரிய துண்டில் 'மணிகண்டன்' என்று இருந்தது. இறந்தவர் பெயராகவும் இருக்கலாம், எழுதியவர் பெயராகவும் இருக்கலாம். தப்பாக ஒரு சொல் சொல்லிவிட்டால் செல்வி என்ன ஆவார்?

அதற்குள் ஆயிஷா இடது கையை விரித்துவிட்டாள். "யாரு?" என்று கட்டை விரலை மடக்கினாள்.

ஒன்பது பேரும் மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். பிரகாஷ் கறுப்பு மூலையை எடுத்து முகர்ந்தான்.

"சார், இது மை இல்ல. தாரு."

"எப்படிச் சொல்ற?"

"எங்க படகுக்கு அடிக்கிறது சார். மண்ணெண்ணெ போட்டாதான் போவும். இந்தா பாருங்க, கட்டை விரல் ரேகை."

நான் முகர்ந்தேன். தார்தான். ஆனாலும் அதை வைத்து ஒருவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்லிவிட முடியாதே.

தேவிகா பெயர் இருந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைத் திருப்பினாள், மறுபடி திருப்பினாள். "சார், இது அடித் துண்டு" என்றாள். "கீழ்ப்பக்கம் கிழியல. கடையில வாங்குன மாதிரி நேரா இருக்கு. அப்பா பேருக்குக் கீழ ஒண்ணும் எழுதல."

"அப்போ?"

"கடைசில பேரு போட்டா அவுங்கதான எழுதுனவங்க?" அவள் துண்டை என் பக்கம் நீட்டினாள். "எங்கப்பாதான் சார் எழுதியிருக்காரு. செத்தவங்க எழுத மாட்டாங்க இல்ல?"

மாட்டார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

சத்துணவு அக்கா அடுப்படியிலிருந்து ஒரு கிண்ணம் சோறு கொண்டுவந்தார். பருக்கையை மசித்துப் பழைய நாள்காட்டி அட்டையின் பின்பக்கம் ஒவ்வொரு துண்டாக ஒட்டினார்கள். ஓட்டைகள் இருந்தன. மேல் பகுதியில் ஒரு பெரிய துண்டு காணவே காணோம். மீதி இப்படி இருந்தது:

'பாப்பா தேவிகா, செல்வி, ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்க. என் போன் தண்ணில உழுந்துடிச்சி. நம்பர் எல்லாம் போச்சி. வர்ற வியாழக்கெழம எங்கள எல்லாரயும் மெட்ராசுக்கு கூட்டிகினு போறாங்க. அங்கேருந்து கப்பல்ல அந்தமான். ஒரு வருசம் வேலை. திருச்சிலேருந்து வர்ற பகல் வண்டி. சிதம்பரத்துல ரெண்டு மணிக்கு ரெண்டு நிமிசம் நிக்கும். எறங்க உடமாட்டாங்க. கடைசி பொட்டி. பாப்பாவ கூட்டிகினு வா. ஒரு தடவ பாத்துட்டு போறேன். ஏகாம்பரம் மச்சான் மேல எனக்கு கோவம் இல்ல. மணிகண்டன்.'

'நலம் நலமறிய ஆவல்' இல்லை. ஒரு காற்புள்ளி கூட ஒழுங்காக இல்லை. பாடப் புத்தகத்தில் இருந்த எந்தக் கடிதத்தையும்விட நல்ல கடிதம்.

நாலாவது விரல்

"சார், வர்ற வியாழக்கிழமையாம்" என்றாள் நித்யா. அன்றைக்கு வியாழக்கிழமை. "இன்னும் ஏழு நாள் இருக்கு. தேவிகா, நல்ல பாவாடை சட்டையா போட்டுகினு போ."

எல்லோரும் கைதட்டினார்கள். தேவிகா தட்டவில்லை. நாலாவது விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னைக்கு எழுதுனதுன்னு தெரியலியே" என்றாள். "மேல் துண்டு இல்லியே. அப்பா எழுதுன நாளுக்குத்தான இது வர்ற வியாழன்?"

பாக்ஸின் அடியில் கவரின் பாதி மடங்கிக் கிடந்தது. அதை நீவி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். தபால் முத்திரையில் மாதம் கலங்கியிருந்தது. நாள் மட்டும் தெளிவு. ஒன்பது.

பிரகாஷ் ஓடிப்போய் மாதக் காலண்டரில் விரல் வைத்தான். "ஒம்பது வெள்ளிக்கிழமை. பத்து, பதினொண்ணு, பன்னெண்டு…" வியாழன் கட்டத்தில் விரல் நின்றது. "பதினஞ்சு."

கரும்பலகையில் காலையில் நானே எழுதிய தேதி இருந்தது. பதினைந்து.

மணி பதினொன்றே முக்கால். சிதம்பரம் போகும் பதினொன்றரை பஸ் போய்விட்டது. அடுத்தது ஒன்றேகாலுக்கு. அது போய்ச் சேருவதற்குள் வண்டி கிளம்பிவிடும்.

சத்துணவு அக்கா செருப்பு கூடப் போடாமல் செல்வியைக் கூப்பிட ஓடினார். நான் ஸ்டெல்லா டீச்சருக்குப் போன் போட்டு ஒரே மூச்சில் சொன்னேன்.

"தம்பி, நீ புள்ளைங்கள வுட்டுட்டு எங்கியும் கெளம்பாத. அவுங்கள எப்படியாவது அனுப்பி வை. சாப்பாட்டு நேரத்துல நான் ஸ்டேஷனுக்குப் போயிடறேன்."

ஏகாம்பரம்

செல்வி வந்தபோது பின்னாலேயே பைக்கில் ஏகாம்பரமும் வந்தார். நல்ல கோபம்.

"என்னா சார் இது? கிழிச்சிப் போட்டத எடுத்தாந்து பள்ளிக்கூடத்துல ஒட்டி வெச்சிருக்கீங்க? நாலு புள்ளைங்க இருக்கிற எடம்."

"மாமா, இது சாவு லெட்டர் இல்ல" என்றாள் தேவிகா. "படிக்கட்டுமா?"

அவள் அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு படித்தாள். செல்வி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'எப்படி இருக்கீங்க' என்ற இடத்திலேயே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மச்சான் மேல் கோபமில்லை என்ற வரி வந்தபோது ஏகாம்பரம் காலண்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மூலையில கறுப்பு இருந்தா எவனும் கிழிக்கத்தான் சார் செய்வான்" என்றார் அதைப் பார்த்தபடியே.

"ஆமாங்க. நானும் கிழிச்சிருப்பேன்."

"தார் அடிக்கிறவன் கையைக் கழுவிட்டு எழுதக் கூடாதா? இன்னிக்கும் அப்படியேதான் இருக்கான்." பைக் சாவியைத் தேடினார். "எழுந்திரு செல்வி. அழுவறத வண்டியில ஒக்காந்து அழு. பாப்பா, நீ முன்னாடி ஏறு."

புறப்படும் முன் தேவிகா நோட்டில் ஒரு தாள் கிழித்து நாலு வரி எழுதினாள். முதலில் தேதி போட்டாள். என்ன எழுதினாய் என்று நான் பார்க்கவில்லை. அது எனக்கு எழுதியது இல்லை.

மேசைமேல் போன்

அதற்குப் பிறகு நடத்திய பாடம் எதுவும் யார் மண்டையிலும் ஏறவில்லை, என் மண்டை உட்பட. மத்தியானச் சோற்றைப் பிள்ளைகள் வாரி விழுங்கிவிட்டு வந்து மேசையைச் சுற்றி நின்றார்கள். இரண்டு மணி. இரண்டு ஐந்து. இரண்டு பத்துக்குப் போன் அடித்தது. ஸ்டெல்லா டீச்சர். ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, வண்டி லேட்டு. இப்பதான் வளைவுல தெரியுது. இவுங்க மூணு பேரும் இங்கதான் இருக்காங்க."

ஹார்ன் சத்தம். இருபத்திரண்டு பிள்ளைகளும் போனை நோக்கிக் குனிந்தார்கள். வாண்டுகள் களிமண் கையோடு வந்து நின்றார்கள்.

"கடைசிப் பொட்டிகிட்ட ஓடறோம்… ஆளக் காணோம்… தேவிகா, பாத்து, பாத்து போ… இதுல இல்ல தம்பி."

ஆயிஷா கண்ணை மூடிக்கொண்டாள். நானும்தான்.

பிறகு தேவிகாவின் குரல். வகுப்பில் பாட்டு ஒப்பிக்கச் சொன்னால் வாய்க்குள்ளேயே முனகுகிற பெண். அன்றைக்கு அந்தப் போன் அதிர்ந்தது. "அப்பா! அப்பா, இங்க!"

"மூணாவது பொட்டிப்பா, மாத்திட்டாங்க" என்று ஓர் ஆண் குரல், திணறிக்கொண்டு. "பாப்பா, லெட்டரு வந்துச்சா?"

"வந்துச்சிப்பா. கிழிஞ்சி வந்துச்சி. ஒட்டிப் படிச்சோம்."

எங்கள் வகுப்பில் எழுந்த சத்தத்தில் அடுத்த சில வார்த்தைகள் கேட்கவில்லை. இரண்டு கார்த்திக்குகளும் பெஞ்சின் மேல் ஏறி நின்றார்கள். நான் இறங்கச் சொல்லவில்லை.

வண்டி நகரும் சத்தம் வந்தபோது ஏகாம்பரத்தின் குரல், ஓடிக்கொண்டே. "மச்சான், நம்பர எழுதிக்க. செல்வி நம்பரு. தொண்ணூத்தெட்டு…" அவர் ஒவ்வொரு எண்ணாகக் கத்தினார். பெட்டிக்குள் யார் யாரோ அதைத் திருப்பிக் கத்தினார்கள். இங்கே பிரகாஷ் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் பத்து எண்ணையும் எழுதிவிட்டான். எதற்கு என்று கேட்டேன்.

"அவுரு விட்டுட்டா நாம சொல்லலாம்ல சார்."

விடவில்லை. அன்று இரவே எழும்பூரிலிருந்து யாரிடமோ போன் வாங்கி மணிகண்டன் பேசிவிட்டார். அந்தமானிலிருந்து இப்போது போனும் வருகிறது, மாதம் ஒரு கடிதமும் வருகிறது. கடிதம் பள்ளி முகவரிக்கு. அது அவருடைய மகளின் உத்தரவு. தேவிகாவோடு பத்துப் பேரும் விரல் மடக்கிவிட்டுத்தான் படிக்கிறார்கள். பதில் எழுதும்போது 'நான்' என்றால் யார் என்று எவனுக்கும் சந்தேகம் இல்லை.

அந்த வியாழனுக்கு மறுநாள் காலை ஏகாம்பரம் பள்ளிக்கு வந்தார். பெட்ரோல் செலவை நான் தருகிறேன் என்று ஸ்டெல்லா டீச்சர் பர்ஸைத் திறந்தார்.

"கிழிச்சவன் நான் டீச்சர். நீங்க வாங்குன பிளாட்பாரம் டிக்கெட்டுக்கும் நான்தான் குடுக்கணும்" என்று அவர்தான் நாற்பது ரூபாயை எடுத்து மேசைமேல் வைத்தார். அவர் ஏற்கெனவே போட்ட பெட்ரோல் நூறு. பிளாட்பாரம் டிக்கெட் நாலு பேருக்கு நாற்பது. ஆக மொத்தம் நூற்று நாற்பது ரூபாய்.